படிப்பு கூடினால் வேலையில் திருப்தி கூடுமா?

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் வீட்டு உபயோகப் பொருள் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 37 நாள் நீடித்து அக்டோபர் 15 அன்று முடிந்தது. அந்த நாட்களில் செய்தி படித்த பலருக்கும் ஒரே குழப்பம். அந்த வட்டாரத்தில் இதே போன்ற வேலை செய்பவர்கள் வாங்குவதைப் போல 1.8 மடங்கு சராசரிச் சம்பளம் தருகிறோம் என்று நிறுவனம் சொன்னது. பக்கத்து கம்பெனிக்காரரைவிட அதிகம் வாங்குகிறவர்கள் எதற்காகப் பந்தலில் போய் உட்கார வேண்டும்?

அதே ஆண்டு ஜூன் மாதம் வேறொரு குழப்பம். அப்போது நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருந்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பெரும்பாலான பதவிகளுக்குப் பத்தாம் வகுப்பே போதும் என்றாலும் விண்ணப்பித்தவர்களில் பி.இ. முடித்தவர்களும் எம்.எஸ்சி. முடித்தவர்களும் இருந்தார்கள். இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். படிகள் சேர்ந்தால் இன்னும் வரும். ஆனால் இவ்வளவு போட்டி போட வைக்கிற தொகை என்று அதைச் சொல்ல முடியாது.

சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே புரியாது. படிப்புக்கும் வேலை நடக்கும் விதத்துக்கும் இடையில் உள்ள உறவைப் பார்த்தால் புரியும். படிப்பு ஒருவருக்கு நல்ல வேலை வாங்கித் தரலாம், தராமலும் போகலாம். ஆனால் வேலையை அவர் அளக்கும் அளவுகோலை அது நிச்சயம் மாற்றிவிடுகிறது. பணிச்சூழல் அந்த அளவுக்கு வராவிட்டால், அதிகம் படித்தவர்தான் அதிகம் மனம் கசந்து போகிறார். இதற்கு மறுபக்கமும் உண்டு. குறைவாகப் படித்தவர் “திருப்தி” என்று சொல்லிவிட்டதாலேயே அவர் நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கெடுப்புகளைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

மூன்று சொற்கள்

பணித் திருப்தி: தன் வேலையைப் பற்றி ஒருவர் தானே சொல்லும் மதிப்பீடு. “எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் வேலை உங்களுக்கு எவ்வளவு திருப்தி?” என்று கேட்டு, ஒன்று முதல் ஏழு வரையோ பத்து வரையோ ஒரு எண் வாங்குவார்கள். அந்த எண்ணுக்குள் எதிர்பார்ப்பும் கலந்தே இருக்கும்.

நலவாழ்வு: உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்பது. தூக்கம், ரத்த அழுத்தம், முதுகுவலி, பதற்றம், வீட்டில் பிள்ளைகளோடு பேச மிஞ்சும் தெம்பு எல்லாம் இதில் அடங்கும். இதில் ஒரு பகுதியை ஆளைக் கேட்காமலே அளக்கலாம்.

பணிச்சூழல்: பலர் இதை ஏசி, வெளிச்சம், சுத்தமான கழிப்பறை என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆய்வாளர்கள் இதற்குள் வேலை நேரம், வேலையின் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள், வேலை நிரந்தரமா காண்ட்ராக்டா, மேலதிகாரி எப்படிப் பேசுகிறார், குறையைச் சொல்ல இடம் இருக்கிறதா, விடுப்பு கேட்டால் கிடைக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். இந்தக் கட்டுரையிலும் அந்த விரிந்த பொருள்தான்.

படிப்பு என்ன செய்கிறது

படிப்பு மூன்று வழிகளில் திருப்தியைத் தொடுகிறது. மூன்றும் ஒரே திசையில் இழுப்பதில்லை.

1. படித்தவருக்கு நல்ல பணிச்சூழல் உள்ள வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வெயிலில் நிற்க வேண்டாம், மாதச் சம்பளம் வரும், பிஎஃப் பிடிப்பார்கள். இந்த வழியில் படிப்பு திருப்தியைக் கூட்டுகிறது. நம் பெற்றோர் “படிச்சா நல்லா இருக்கலாம்” என்று சொல்லி வளர்த்தது இதை நம்பித்தான். நம்பிக்கை பொய்யும் இல்லை.

2. படிப்பு எதிர்பார்ப்பை உயர்த்துகிறது. ஆண்ட்ரூ கிளார்க், ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1996-ல் சுமார் 5,000 பிரிட்டன் தொழிலாளர்களின் தரவை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே சம்பளம் வாங்குபவர்களை ஒப்பிட்டால், அதிகம் படித்தவர்கள் குறைவான திருப்தி சொன்னார்கள். தன்னைப் போன்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற ஒப்பீடுதான் திருப்தியை முடிவு செய்கிறது, கைக்கு வரும் தொகை மட்டும் முடிவு செய்வதில்லை என்பது அவர்கள் வாதம். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதற்குத் தரவு தேவைப்படாது. கூடப் படித்தவன் எங்கே இருக்கிறான் என்பதுதான் முதல் கேள்வி.

3. படிப்புக்கும் வேலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பது. வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் படித்திருப்பதை மிகைத் தகுதி என்பார்கள். மத்திய அரசின் 2024–25 பொருளாதார ஆய்வறிக்கை, இந்தியப் பட்டதாரிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதாகச் சொன்னது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பட்டத்தை மறைத்து, பிளஸ் டூ சான்றிதழை மட்டும் காட்டி ஆபரேட்டர் வேலைக்குச் சேருகிறவர்கள் உண்டு. “பி.இ. என்றால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவான்” என்பது ஆளெடுப்பவரின் கணக்கு. நான்கு வருடம் கட்டிய ஃபீஸ் எந்தச் சான்றிதழுக்கோ, அதையே பையில் ஒளித்துவைத்துக்கொண்டு நேர்காணலில் உட்காருவது எப்படி இருக்கும்?

வேலையின்மைப் புள்ளிவிவரத்திலும் இதே மூன்று வழிகளும் தெரிகின்றன. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ல் இளம் பட்டதாரிகளிடம் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் 3.4 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, படிக்காவிட்டால் வேலை கிடைக்கும் என்று மீம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. படிக்காதவர் வேலையில்லாமல் இருந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதனால் எந்த வேலை கிடைத்தாலும் போகிறார். பட்டதாரிக்கு வீட்டார் இன்னும் ஒரு வருடம் சோறு போடுவார்கள், அதனால் காத்திருக்கிறார். காத்திருக்க வைப்பது அளவுகோல்தான்.

ஒரே ஸ்டாஃப் ரூம், இரண்டு சம்பளம்

படிப்பும் பணிச்சூழலும் மோதும் இடத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால், தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களைப் பார்க்கலாம். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பலர் முனைவர் பட்டமோ, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் தேர்ச்சியோ பெற்றவர்கள். இதற்கு மேல் படிக்க இந்த நாட்டில் அதிகம் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதியக் குழு அளவுப்படி ஒரு உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. அதே ஸ்டாஃப் ரூமில், அதே பாடத்திட்டத்தை, அதே வகுப்புக்கு நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்குக் கிடைத்துவந்தது மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருடத்தில் பதினொரு மாதம். மே மாதம் சம்பளம் கிடையாது. இவர்களைப் போன்ற வருகைதரு ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019-ல் வழிகாட்டியது. அதில் பாதிதான் இது.

இவர்களிடம் பாடம் நடத்தப் பிடிக்குமா என்று கேட்டால் பெரும்பாலும் பிடிக்கும் என்பார்கள். பிடிக்காமல் பி.எச்டி. முடிக்க யாராலும் முடியாது. அப்படியென்றால் திருப்தியா? இல்லை. பிடிக்கும், ஆனால் திருப்தி இல்லை என்பது முரண்பாடு மாதிரித் தெரியும். ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்தவர் அவர். திருப்தி தரும் காரணங்கள் வேறு, அதிருப்தி தரும் காரணங்கள் வேறு என்றார். வேலையின் சாரம், சாதித்த நிறைவு, அங்கீகாரம் ஆகியவை திருப்தி தருபவை. சம்பளம், பணிப் பாதுகாப்பு, மேலாண்மை, வேலையிடச் சூழல் ஆகியவை குறைந்தால் அதிருப்தி தருபவை. இரண்டாவது கூட்டம் முழுமையாக இருந்தாலும் அதனால் மகிழ்ச்சி பொங்கிவிடாது. குறைந்தால் மட்டும் உறுத்தும். பிற்கால ஆய்வாளர்கள் ஹெர்ஸ்பெர்க்கின் பிரிவினை இவ்வளவு சுத்தமாக இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கௌரவ விரிவுரையாளர் விஷயத்தில் அது அப்படியே பொருந்துகிறது: வகுப்பறைக்குள் திருப்தி, சம்பளப் பட்டியலில் அதிருப்தி.

இதைவிடக் கூர்மையான விளக்கம் ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யோஹன்னஸ் ஸீக்ரிஸ்ட் 1996-ல் முன்வைத்தது. உழைப்புக்கும் கைம்மாறுக்கும் இடையே சமநிலை கெட்டால் அது உடல்நலத்தையே தாக்கும் என்றார். கைம்மாறு என்பதில் மூன்றைச் சேர்த்தார்: பணம், மதிப்பு, பணிப் பாதுகாப்பும் பதவி உயர்வும். மூன்றிலும் குறைந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து கூடுதல் என்று இந்த வழியில் வந்த பல ஆய்வுகள் காட்டின. பெயரிலேயே “கௌரவம்” இருந்தும் மூன்றில் ஒன்றுகூட முழுசாகக் கிடைக்காத வேலைக்கு நம் ஊரில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிகளின் பகுதிநேர ஆசிரியர்கள் நிலையும் இதேதான். 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டவர்கள். இடையில் தொகை உயர்ந்தது, பணி நிரந்தரம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள்

1979-ல் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு எளிய கட்டம் போட்டார். ஒரு பக்கம் வேலையின் நெருக்கடி: எவ்வளவு வேலை, எவ்வளவு அவசரம். மறுபக்கம் கட்டுப்பாடு: எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தொழிலாளிக்கு எவ்வளவு பிடி. நெருக்கடி அதிகம் என்பதாலேயே ஒரு வேலை ஆளைச் சாய்த்துவிடாது. அறுவைசிகிச்சை நிபுணருக்கும் நெருக்கடிதான், ஆனால் முடிவு அவர் கையில். நெருக்கடி அதிகமாக, பிடி குறைவாக இருக்கும் வேலைதான் மோசம்.

அசெம்பிளி லைனில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பீஸ் முன்னால் வந்து நகர்வதற்குள் திருகு முடுக்க வேண்டும், ஒயர் செருக வேண்டும், அடுத்த பீஸ் வந்துவிடும். கழிப்பறை போக வேண்டும் என்றால் லைன் லீடரிடம் கை காட்ட வேண்டும். அவர் ரிலீவரை, அதாவது அந்த இடத்தில் நிற்க மாற்று ஆளை, அனுப்ப வேண்டும். ரிலீவர் வேறு ஸ்டேஷனில் நின்றால் காத்திருக்க வேண்டும். தண்ணீர் குடித்தால்தானே இந்தத் தொல்லை என்று ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அப்புறம் சிறுநீர்த் தொற்று. இதில் எதையும் சம்பளச் சீட்டில் பார்க்க முடியாது.

கட்டுப்பாட்டுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்புக்கு மிக வலுவான சான்று லண்டனிலிருந்து வந்தது. பிரிட்டன் அரசு ஊழியர்களை வைத்து நடந்த வைட்ஹால் ஆய்வு அது. முதல் ஆய்வு 1967-ல் தொடங்கியது. எல்லோரும் அலுவலக வேலை பார்ப்பவர்கள், எல்லோருக்கும் ஒரே முதலாளி, எல்லோருக்கும் இலவச மருத்துவம், யாரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. அப்படியிருந்தும், அடிமட்டப் பதவியில் இருந்த ஆண்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைபிடித்தல், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டும் இடைவெளி முழுவதும் மறையவில்லை. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-ல் 10,308 பேருடன் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. அந்த இடைவெளியில் கணிசமான பகுதிக்கு, தங்கள் வேலையின் மீது ஊழியர்களுக்குக் கட்டுப்பாடு குறைவாக இருப்பதே காரணம் என்று 1997-ல் அந்த ஆய்வுக் குழு எழுதியது. “பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் மாரடைப்பு வரும்” என்ற நம் பொதுப்புத்தியை இது தலைகீழாக்கியது.

இப்போது சாம்சங் பந்தலுக்குத் திரும்பலாம். அங்கே சம்பள உயர்வுக் கோரிக்கை இருந்தது உண்மை. ஆனால் பேச்சுவார்த்தை மீண்டும் மீண்டும் முட்டி நின்றது சங்க அங்கீகாரத்தில். சங்கம் என்பது கராசெக்கின் கட்டத்தில் கட்டுப்பாட்டுப் பக்கம் வருவது. லைன் வேகம், ஷிஃப்ட், விடுப்பு பற்றித் தனி ஆளாகப் போய்ப் பேசினால் பேசியவர் மட்டும் தனியாகத் தெரிவார். கூட்டாகப் பேசினால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். அந்த வட்டார ஆலைகளில் வேலை பார்க்கும் ஐடிஐ, டிப்ளமோ படித்த தலைமுறைக்கு, அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சங்கச் சட்டம் 1926 என்பது ஃபோனில் தேடிப் படிக்கக் கூடிய விஷயம். அவர்களுடைய அளவுகோலில் சம்பளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருக்கிறது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி இறுதியில் சங்கம் பதிவானது.

நேரக் கணக்கு

வாரம் 70 மணிநேரம், 90 மணிநேரம் என்று தொழிலதிபர்கள் பேசி எழுந்த சர்ச்சைகளை நான் விரிவாகத் தொடப்போவதில்லை. மேடையில் சொன்னதற்கு மேடையிலேயே பதில் வந்துவிட்டது. சட்டசபையில் நடந்தது அதைவிட முக்கியம்.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா நிறைவேறியது. விரும்பும் ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை நெகிழ்வு தரும் திருத்தம் அது. வாரத்துக்கு 48 மணிநேரம் என்ற உச்சவரம்பு மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று அரசு விளக்கியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாள் நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வாரக் கணக்கு மாறாதபோது எதற்கு இத்தனை எதிர்ப்பு என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

விடை இதுதான். களைப்பு வாரக் கணக்கில் சேருவதில்லை, ஒன்பதாவது, பத்தாவது மணிநேரத்தில் சேருகிறது. கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணிநேரம், வர ஒன்றரை மணிநேரம் ஆகிறவருக்குப் பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் என்றால் வீட்டுக்குப் பதினைந்து மணிநேரம் ஆள் இல்லை. சமையலும் துணி துவைப்பதும் அந்த மிச்ச ஒன்பதுக்குள். பெண் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு போட்டால் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்யும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். 35 முதல் 40 மணிநேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது. 2016-ல் மட்டும் உலக அளவில் 7,45,000 சாவுகள் இதனால் ஏற்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

“பரவாயில்லை” என்ற பதில்

இதுவரை பார்த்தது அதிருப்தி வெளியே தெரியும் இடங்கள். தெரியாத இடங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலோ மதுரை, திருச்சிக் கடைவீதிகளிலோ பெரிய ஜவுளிக்கடைக்குள் நின்று பாருங்கள். சேலைப் பிரிவில் நிற்கும் பெண் காலை பத்து மணியிலிருந்து நிற்கிறார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நிற்கிறார். நான்கு பேர் வந்து ஐம்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள், அவர் மடித்து அடுக்குவார். வருடக்கணக்கில் நின்றால் காலில் நரம்பு சுருண்டு புடைக்கும், குதிகால் வலி வரும், மாதவிடாய் நாட்களில் சொல்லவே வேண்டாம். அவரிடம் போய் வேலை எப்படி என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் “பரவாயில்லைங்க”.

பொய் சொல்லவில்லை அவர். ஊரில் களையெடுத்த அம்மாவோடும், தீப்பெட்டி ஒட்டிய அக்காவோடும் தன்னை ஒப்பிட்டுச் சொல்கிறார். நிழல், மின்விசிறி, மாதச் சம்பளம், தங்க இடம். அளவுகோல் அங்கே தொடங்குகிறது. நெடுங்காலம் இல்லாமையில் இருப்பவர்கள் கிடைப்பதற்கு ஏற்ப ஆசையைச் சுருக்கிக்கொள்கிறார்கள், அதனால் அவர்கள் சொல்லும் திருப்தியை வைத்து அவர்கள் வாழ்வை அளக்கக் கூடாது என்று அமர்த்தியா சென் பல காலமாக வாதிட்டு வருகிறார். ஜவுளிக்கடைப் பெண்ணிடம் வாங்கும் எண் ஐந்துக்கு நான்கு என்று வரலாம். அவர் காலைப் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி எழுதுவார்.

இதனால்தான் சில உரிமைகள் கணக்கெடுப்பிலிருந்து பிறப்பதில்லை. உட்காரும் உரிமை அப்படிப்பட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் போராடித்தான் கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் மசோதா கொண்டுவந்து, 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். இரண்டாவது பாதிதான் உயிர். ஸ்டூல் வாங்கிப் போடுவது எளிது. கேமராவும் ஃப்ளோர் மேனேஜரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதில் உட்காரத் துணிவு வர வேண்டுமே! மறுபடியும் கராசெக்கின் கட்டுப்பாடுதான்.

விடுதியும் பணிச்சூழல்தான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி ஏராளமானோர் பாதிக்கப்பட்டார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று சரியான தகவல் தெரியாத நிலையில் பெண்கள் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. அந்த விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரத்தில் குறைவாக இருந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அதுவரை அந்தப் பெண்களிடம் யாராவது திருப்தி கணக்கெடுப்பு எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை அரசு திறந்தது. இரண்டுக்கும் நேர்க்கோடு போட வேண்டாம். ஆனால் தங்குமிடம் தொழிற்கொள்கையின் பகுதி என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டாகிவிட்டது.

20 லட்சம் பேரின் கணக்கு

குரூப் 4 கேள்விக்கு விடை இப்போது எளிது. ஒரு பட்டதாரி இளநிலை உதவியாளர் வேலையை இப்படி எடைபோடுகிறார்:

1. வேலையை விட்டு நாளைக்கே எடுக்க முடியாது. தனியாரில் ஒரு மின்னஞ்சல் போதும்.
2. மகப்பேறு விடுப்பு தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 12 மாதம். தனியாரில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி 26 வாரம். அதையும் காண்ட்ராக்ட் ஊழியர் எல்லோரும் வாங்கிவிடுவதில்லை.
3. துறைத் தேர்வு எழுதினால் உதவியாளர், கண்காணிப்பாளர் என்று ஏறும் பாதை எழுத்தில் இருக்கிறது.
4. டார்கெட் கிடையாது. இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். தனியார் நிதி நிறுவனத்தில் மாதக் கடைசியில் வசூல் டார்கெட் முடிக்காமல் நின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.
5. பெண் பார்க்கப் போகும் வீட்டில் மரியாதை.

சம்பளம் இந்தப் பட்டியலில் இல்லை. இருபது லட்சம் பேரும் கூட்டிக் கழித்துப் பார்த்தது பணிச்சூழலைத்தான். இவர்களில் பட்டம் பெற்றவர்கள் தங்கள் பட்டத்துக்குக் கீழான வேலைக்குத் தெரிந்தே போட்டி போடுகிறார்கள். அதாவது, மேலே சொன்ன மூன்றாவது வழியில் வரும் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு, பணிப் பாதுகாப்பை வாங்குகிறார்கள். ஆனால் இதற்கு ஊருக்கு ஒரு விலை இருக்கிறது. இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பது வயது வரை கோச்சிங் சென்டரிலும் நூலகத்திலும் போகும் வருடங்கள். நான்கு முறை எழுதித் தவறியவருக்குத் தனியார் கம்பெனி கேட்கும் முன்னனுபவம் எங்கிருந்து வரும்?

இனி என்ன பார்க்க வேண்டும்

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. 29 சட்டங்களை நான்காக்கியவை. எல்லாத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். நிர்ணயித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை. நியமனக் கடிதம் சின்ன விஷயமாகத் தெரியலாம். கையில் காகிதம் இருந்தால்தான் வேலை நேரம் என்ன, ஓவர்டைம் எங்கே தொடங்குகிறது என்று கேட்க முடியும். அதே சட்டங்கள் சங்கம், வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கான விதிகளை இறுக்கியிருக்கின்றன என்பது தொழிற்சங்கங்களின் குற்றச்சாட்டு. இந்தக் கட்டுரையின் கணக்கில் சொன்னால், ஒரு கையால் பணிப் பாதுகாப்பைக் கொஞ்சம் கூட்டி, மறு கையால் தொழிலாளியின் கட்டுப்பாட்டைக் குறைக்கும் பேரம் இது. எது கனமாக இருக்கும் என்பது மாநில விதிகளையும் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் எத்தனை ஆலைக்குள் போகிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இன்னொன்று படிப்புப் பக்கம் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் தொடர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மின்னணு ஆலைகளின் லைன்களில் நிற்கும் பிளஸ் டூ பெண்களின் தங்கைகள் இப்போது பி.எஸ்சி., பி.காம். படிக்கிறார்கள். ஆலைகள் இதுவரை ஆளெடுத்த கிராமங்களும் வீடுகளும் அதேதான், வரப்போகிறவர்களின் படிப்பு மட்டும் வேறு. இவர்களை அதே ஸ்டேஷனில், அதே ரிலீவர் முறையில், லைன் லீடருக்கு மேல் ஏற வழியில்லாத பதவியில் நிறுத்தினால், ஆள் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும் சிக்கல் இன்னும் கூடும். இப்போதே வெளிமாநிலத் தொழிலாளர்களை நோக்கிப் போகும் நிறுவனங்கள், அதற்கு உள்ளூர்க்காரர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்லக்கூடும். அந்தப் பேச்சு வரும்போது கேட்க வேண்டியவை இரண்டு: அந்த ஆலையில் ஐந்து வருடம் லைனில் நின்ற ஒரு பெண் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறாரா? கழிப்பறைக்குப் போக எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது?